பெற்றோர் பக்கம்: பையன்களின் பள்ளியும் காலேஜ் பட்டியலும்



நவராத்திரி கொலுவை இறக்கி வைப்பதற்குள் பாஸ்டன் வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் "எங்கள் பள்ளியை வந்து பாருங்கள்" என்று பெற்றோர்களை அழைக்க ஆரம்பித்துவிடுகின்றன. ஆறாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ பையன் படிக்கும் வீடுகளில் அதே சமயத்தில் விவாதமும் ஆரம்பமாகிறது. கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் சாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "ராக்ஸ்பரி லாட்டினா, பெல்மாண்ட் ஹில்லா? பி.சி. ஹை எப்படி? பேசாமல் லெக்சிங்டன் பொதுப் பள்ளியிலேயே விட்டுவிடலாமா?" என்று கேட்பவர்கள் வருஷா வருஷம் அதிகமாகி வருகிறார்கள். ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஆண்பிள்ளைகளுக்கென்றே நடக்கும் தனியார் பள்ளிகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

புதிதாக இவ்வூருக்கு வந்தவர்களுக்காக முதலில் சிறு அறிமுகம். ராக்ஸ்பரி லாட்டின் பள்ளி 1645-ல் ஜான் எலியட் என்ற பாதிரியாரால் ஸ்தாபிக்கப்பட்டது. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மொத்தமே சுமார் 300 பையன்கள்தான். லத்தீன் மொழி கட்டாயம். பணம் கட்டும் சக்தியைப் பார்க்காமல் பையனைத் தேர்ந்தெடுப்பதும், அக்கம்பக்கத்து நிகரான பள்ளிகளைவிடக் கட்டணத்தைக் குறைத்து வைப்பதும் அதன் வழக்கம். பெல்மாண்ட் ஹில் 1923-ல் ஆரம்பித்தது. படிப்போடு துடுப்புப் படகுப் போட்டிக்கும் பெயர் போனது. நீதாமில் இருக்கும் செயின்ட் செபாஸ்டியன்ஸ் (1941) கத்தோலிக்கப் பள்ளி. பாஸ்டன் காலேஜ் ஹை ஸ்கூல், அதாவது பி.சி. ஹை, 1863-ல் ஜெஸூட் பாதிரிமார் தொடங்கியது. டான்வர்ஸில் உள்ள செயின்ட் ஜான்ஸ் பிரெப் 1907-ல் சேவியரன் சகோதரர்கள் தொடங்கியது. இவ்விரண்டும் பெரிய பள்ளிகள். பாஸ்டன் லாட்டின் ஸ்கூலைப் பெயரைக் கண்டு இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1635-ல் ஏற்பட்ட பொதுப் பள்ளி. 1972 முதல் பெண்களும் படிக்கிறார்கள். பாஸ்டன் நகரில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே இடம் உண்டு.

இந்தப் பள்ளிகளை ஒப்பிடும்போது நம்மவர்கள் முதலில் கேட்பது காலேஜ் பட்டியலைத்தான். போன வருஷம் ஹார்வர்டுக்கு எத்தனை பேர், எம்.ஐ.டி.க்கு எத்தனை பேர் என்று பார்த்து, அதிகம் உள்ள பள்ளியே உசத்தி என்று தீர்மானித்துவிடுகிறோம். இதில் ஆச்சரியமில்லை. எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி., என்ட்ரன்ஸ் என்று மார்க் வரிசையில் ஏறி வந்தவர்கள் நாம். ஊரில் ஒரு பள்ளி மாநில ராங்க் வாங்கிக் கொடுத்தால் அடுத்த ஜூனில் அதன் வாசலில் கூட்டம் நிற்கும். ஆனால் இந்த நாட்டில் பல்கலைக்கழகங்கள் ஒரே ஒரு மார்க்கை வைத்து இடம் கொடுப்பதில்லை. ஆகவே அந்தப் பட்டியலை ராங்க் பட்டியல்போலப் படிப்பது பெரிய ஏமாற்றத்தில் கொண்டுபோய் விடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், பள்ளி யாரை உள்ளே எடுத்துக்கொண்டது என்பது. பரீட்சை வைத்து, நேரில் பேசிப் பார்த்து, நன்றாகப் படிக்கும் பையன்களையே பொறுக்கி எடுத்த பள்ளியிலிருந்து நல்ல மாணவர்கள் வெளிவருவதில் என்ன அதிசயம்? விதை நெல்லையே பொறுக்கி வாங்கியவர் அமோக விளைச்சலுக்குத் தம் உரத்தைப் புகழ்வதைப் போன்றது அது. கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறோம். ஐம்பது பேர் உள்ள வகுப்பிலிருந்து பத்துப் பேர் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போனால் அது 20 சதவீதம். நானூறு பேர் உள்ள பொதுப் பள்ளி வகுப்பிலிருந்து முப்பது பேர் போனால் அது 7.5 சதவீதம்தான். ஆனால் அந்த நானூறு பேரில் ஐம்பது பேர் முதல் பள்ளியின் பரீட்சையில் தேறியிருக்கக் கூடியவர்களாக இருந்து, அந்த முப்பது பேரும் அவர்களிடமிருந்தே வந்திருந்தால்? அப்போது பொதுப் பள்ளியின் விகிதம் 60 சதவீதம் ஆகிவிடும். பட்டியல் இந்தக் கணக்கை நமக்குக் காட்டுவதில்லை.

இதைப் பற்றி நம் ஊரிலேயே நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. எம்.ஐ.டி. பேராசிரியர்கள் ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பாதக் ஆகியோர் அடில்லா அப்துல்காதிரோக்லு என்பவருடன் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட கட்டுரை அது. ஆங்ரிஸ்ட் 2021-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். பாஸ்டன் லாட்டின், நியூயார்க்கின் ஸ்டைவெஸன்ட் போன்ற தேர்வுப் பள்ளிகளில், நுழைவு மார்க் எல்லையைச் சற்றே தாண்டி உள்ளே போனவர்களையும், ஓரிரு மார்க்கில் வாய்ப்பை இழந்து வேறு பள்ளிக்குப் போனவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரு சாராரும் திறமையில் ஏறத்தாழச் சமமானவர்கள் அல்லவா? பின்னால் எஸ்.ஏ.டி. மார்க்கிலும் காலேஜ் சேர்க்கையிலும் இவர்களிடையே சொல்லும்படியான வித்தியாசம் பெரும்பாலும் காணப்படவில்லை. கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பே "உயர்ந்தோர் பள்ளி என்னும் மாயை" என்ற பொருள்படுவது. எல்லைக் கோட்டருகே நின்ற மாணவர்களைப் பற்றிய முடிவு இது என்பதையும், அவை தனியார் பள்ளிகள் அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தனியார் பள்ளிகளைப் பற்றியும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பியாண்டா, அரியா அன்சாரி இருவரும் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் பதினைந்து வயது வரை தொடர்ந்து கவனித்த விவரங்களைக் கொண்டது அது. தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னணியில் இருந்தது உண்மை. ஆனால் குடும்ப வருமானம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டவுடன் அந்த முன்னணி மறைந்துவிட்டது என்று கண்டார்கள்.

இரண்டாவது காரணம், அந்தப் பட்டியலில் இருக்கும் பையன்கள் யார் யார் என்பது. ஹார்வர்டின் மீது தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த ஆவணங்களை வைத்து 2019-ல் ஒரு பொருளாதார ஆய்வு வந்தது. ஹார்வர்டில் இடம் கிடைத்த வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் விளையாட்டுக்காக அழைக்கப்பட்டவர்கள், அங்கே படித்தவர்களின் பிள்ளைகள், அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் போன்றோரின் பிள்ளைகள் அடங்கிய தனிப் பட்டியலைச் சேர்ந்தவர்கள். ஆசிய மாணவர்களில் அந்த வகையினர் 16 சதவீதத்துக்கும் குறைவு. பாஸ்டன் வட்டாரப் பணக்காரப் பள்ளிகளில் ஹார்வர்டில் படித்தவர்களின் பிள்ளைகளும் அங்கே கற்பிப்பவர்களின் பிள்ளைகளும் இருப்பது இயற்கைதானே? தாத்தா காலத்திலிருந்து அங்கே படித்த குடும்பத்துப் பையனும், துடுப்புப் படகுக்காக அழைக்கப்பட்ட பையனும் அந்தப் பள்ளியின் பட்டியலில் ஒவ்வொரு எண்ணிக்கையாகச் சேருகிறார்கள். அந்த வழி நம் வீட்டுப் பையனுக்குத் திறந்திருக்கிறதா என்பது வேறு விஷயம். எம்.ஐ.டி. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை தருவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸும் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டதாக 2020-ல் அறிவித்தது. எல்லோரும் அப்படிச் செய்துவிடவில்லை.

அப்படியானால் தனியார் பள்ளியால் பிரயோஜனமே இல்லையா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்வது நியாயமாகாது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகிய மூவரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு நாடெங்கும் பேசப்பட்டது. எஸ்.ஏ.டி. போன்ற பரீட்சைகளில் சமமான மார்க் வாங்கிய மாணவர்களிலும், மேல்தட்டு ஒரு சதவீதப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகப் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போவது நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று அவர்கள் கண்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன மூன்று காரணங்கள்: பழைய மாணவர் குடும்பச் சலுகை, விளையாட்டு அழைப்பு, படிப்பல்லாத தகுதிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் மதிப்பு. இந்த மூன்றாவது மதிப்பில் தனியார் பள்ளி மாணவர்கள் முந்துகிறார்கள். அங்கே ஆசிரியர் பையனை நன்கு அறிந்து எழுதும் சிபாரிசுக் கடிதமும், ஆலோசகர் செலவிடும் நேரமும் அதற்குக் கை கொடுக்கின்றன. 2022-23 கணக்குப்படி நாட்டின் அரசுப் பள்ளிகளில் சராசரியாக 385 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர். சிறிய தனியார் பள்ளியில் காலேஜ் ஆலோசகரின் பொறுப்பில் சில டஜன் பையன்களே இருப்பார்கள். இது உண்மையான அனுகூலம். ஆனால் இந்த உதவிக்காகத்தான் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டவேண்டும். கணக்குப் பாடம் அங்கே வேறு மாதிரி என்று நினைத்துக் கட்டக் கூடாது.

இனிப் படிப்பின் கடுமைக்கு வருவோம். எத்தனை ஏ.பி. வகுப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து கடுமையை அளக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. 2018-ல் வாஷிங்டன் வட்டாரத்தில் எட்டுத் தனியார் பள்ளிகள் ஒன்றுகூடி, 2022-க்குள் ஏ.பி. வகுப்புகளை எடுத்துவிடுவதாக அறிவித்தன. செயின்ட் ஆல்பன்ஸ், லாண்டன் என்ற இரு ஆண்கள் பள்ளிகளும் அவற்றில் அடக்கம். அதற்குப் பதில் தாங்களே வகுத்த பாடங்களை நடத்தப்போவதாகச் சொன்னார்கள். அந்தப் பள்ளிகளின் படிப்பு ஒரே நாளில் இலேசாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, பையன் தினமும் என்ன செய்கிறான் என்பதைத்தான் கேட்கவேண்டும். ஒரு மாதத்தில் எத்தனை பக்கம் எழுதுகிறான்? எழுதியதை ஆசிரியர் திருத்திக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்கிறாரா? கணக்கில் விடை மட்டும் போதுமா, ஏன் என்று நிரூபிக்கவும் வேண்டுமா? விஞ்ஞானச் சாலையில் தன் கையால் செய்கிறானா, ஆசிரியர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானா? பள்ளியைப் பார்க்கப் போகும்போது நடுத்தரமாகப் படிக்கும் பையன் எழுதிய கட்டுரை ஒன்றை, ஆசிரியரின் சிவப்பு மையோடு, பெயரை மறைத்துக் காட்டும்படி கேளுங்கள். கண்ணாடிக் கட்டடங்களும் புல்வெளியும் சொல்லாததை அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

"பெண்கள் இல்லாத பள்ளியில் பையன்கள் நன்றாகப் படிப்பார்கள்" என்ற அபிப்பிராயம் நம்மவர்களிடம் வேரூன்றியது. நாமே அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்ததுதான் காரணமாக இருக்கலாம். 2014-ல் எரின் பால்க்கி, ஜேனட் ஹைட், கார்லி அலிசன் என்ற மூன்று பெண்மணிகள், 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றி நடந்த 184 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்தார்கள். நன்றாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் தனிப் பள்ளிக்கும் கலப்புப் பள்ளிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே ஆண்கள் பள்ளி என்பதற்காகவே அதிகப் படிப்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூச்சமுள்ள பையன் பாட்டிலும் நாடகத்திலும் தயங்காமல் சேருகிறான் என்று சில பெற்றோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது அந்தந்தப் பையனின் சுபாவத்தைப் பொறுத்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆண்கள் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் ஒரு பெண் குழந்தையும் இருக்கலாம். அண்ணனுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டியதில் கை வறண்டு, "நீ நன்றாகத்தானே படிக்கிறாய், பொதுப் பள்ளி போதும்" என்று தங்கையிடம் சொல்லும் நிலை வரக்கூடாது. அந்தப் பெண் வாய் திறந்து கேட்கமாட்டாள். ஆனால் மறக்கவும் மாட்டாள். பாஸ்டனில் வின்ஸர், வெல்ஸ்லியில் டேனா ஹால் என்று பெண்களுக்கும் நல்ல பள்ளிகள் இருக்கின்றன. இருவருக்கும் முடியுமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். முடியாவிட்டால் இருவரையும் பொதுப் பள்ளியில் விட்டு, மிச்சத்தை இருவர் பெயரிலும் சமமாகப் போடுவது உத்தமம்.

கணக்கு என்றதும் பணத்தைப் பற்றியும் பச்சையாகச் சொல்லிவிடுவோம். இவ்வட்டாரத்தின் விலையுயர்ந்த நாள்பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் ஐம்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் டாலருக்கு மேலும் போகிறது. பெரிய கத்தோலிக்கப் பள்ளிகளில் உத்தேசமாக அதில் பாதி. வருஷத்துக்கு 55,000 என்று வைத்துக்கொண்டால் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆறு வருஷத்துக்கு 3,30,000 டாலர் ஆகிறது. இன்றைய விலையில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தின் நான்கு வருஷ முழுச் செலவுக்கு இது ஏறக்குறைய சமம். லெக்சிங்டன், ஆக்டன் போன்ற ஊர்களில் பள்ளிக்காகவே வீடு வாங்கியவர்கள் சொத்து வரியாகவும் ஒரு தரம் கட்டிவிட்டார்கள் என்பதை நினைவில் வைக்கவேண்டும். அதே சமயம் உதவித்தொகை நமக்குக் கிடைக்காது என்று கேட்காமலே இருந்துவிடவும் வேண்டாம். வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும் ஏற்பாடு பல பள்ளிகளில் உண்டு. அதற்கு விண்ணப்பிப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றி நம் அங்கத்தினர்கள் தனியாகக் கேட்பதுண்டு. இந்துப் பையன்களைச் சேர்த்துக்கொள்வதில் இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் தடையில்லை. ஆனால் மத போதனை பாடத்திட்டத்தில் சேர்ந்தது, எல்லோரும் படிக்கவேண்டும். பூஜைக்கு எல்லாப் பையன்களும் வந்து உட்காரவேண்டுமா என்பதைச் சேருமுன் கேட்டுத் தெரிந்துகொண்டு, பையனிடமும் சொல்லி வைப்பது நல்லது. ஊரில் ஜெஸூட் பாதிரிமாரிடம் படித்துவிட்டுச் சாயங்காலம் கோயிலுக்குப் போனவர்கள் நம்மில் பலர் உண்டு. வீட்டில் விளக்கேற்றும் பழக்கம் இருந்தால் இதில் பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, காலேஜுக்குப் பிறகு என்ன? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 1976-ல் காலேஜில் சேர்ந்தவர்களின் பிற்காலச் சம்பளத்தை ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். பெரிய இடத்தில் அனுமதி கிடைத்தும் சாதாரணக் காலேஜுக்குப் போனவர்கள், பெரிய இடத்துக்கே போனவர்களுக்குச் சமமாகவே பெரும்பாலும் சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்து மாணவர்கள் மட்டும் பெரிய காலேஜால் அதிகப் பயன் அடைந்தார்கள். ராஜ் செட்டி குழுவினரின் ஆய்விலும் சராசரிச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மிக உயர்ந்த பதவிகளையும் சம்பளத்தையும் எட்டும் வாய்ப்பு பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கு அதிகம் என்றும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நல்லபடியாக வாழ்வதற்கு அந்த நாலைந்து பெயர்கள் அவசியமில்லை என்பது விளங்கும்.

பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள் கையில் குறித்துக்கொண்டு போகச் சில கேள்விகளை இங்கே தருகிறோம்.

ஒன்று: பட்டியலில் இருப்பது அனுமதி கிடைத்த காலேஜ்களா, பையன்கள் உண்மையில் போய்ச் சேர்ந்தவையா? ஒரே பையனுக்கு ஐந்து இடத்தில் அனுமதி கிடைத்தால் அனுமதிப் பட்டியலில் அவன் ஐந்து தடவை வருவான். சேர்ந்த விவரத்தை, ஐந்து வருஷத்துக்கு, எண்ணிக்கையோடு கேளுங்கள்.

இரண்டு: வகுப்பில் நடுவில் நின்ற பையன்கள் எங்கே போனார்கள்? கடைசிக் கால் பங்கு எங்கே போனது? முதல் ஐந்து பேர் எங்கிருந்தாலும் முன்னுக்கு வந்திருப்பார்கள்.

மூன்று: ஏழாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருந்தார்கள்? நடுவில் போனவர்கள் ஏன் போனார்கள்?

நான்கு: காலேஜ்களுக்கு மார்க் தாளோடு பள்ளி அனுப்பும் பள்ளிக் குறிப்பின் பிரதி கிடைக்குமா? பாடங்கள், மார்க் கொடுக்கும் முறை எல்லாம் அதில் இருக்கும்.

ஐந்து: ஒரு பையன் பின்தங்கினால் முதலில் கவனிப்பவர் யார்? எத்தனை நாளில் வீட்டுக்குத் தகவல் வரும்?

ஆறாவது கேள்வி பள்ளியிடம் கேட்பதல்ல, பையனிடம் கேட்பது. ஒரு நாள் அந்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தபின், "அங்கே உனக்குச் சிநேகிதம் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பொதுப் பள்ளியில் முதலாவதாக நின்ற பையன் எல்லோரும் முதலாவதாக நின்ற பள்ளிக்குப் போனால் இருபதாவதாக நிற்க நேரிடும். சிலருக்கு அது நல்ல சவால். சிலர் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் ஒடுங்கிப் போவார்கள். உங்கள் பையன் எந்த வகை என்று பட்டியலுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அனுமதி கிடைக்காத பையனிடம் அது தோல்வி அல்ல என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு வயதில் மனத்தில் தைத்த முள் நெடுநாள் இருக்கும்.

பெரும்பாலான பள்ளிகளின் விண்ணப்பங்கள் பனிக்காலத்திலேயே முடிந்துவிடும். மார்ச் மாதத்தில் முடிவு தெரியும். நுழைவுப் பரீட்சைக்கு இப்போதே பதிவு செய்துகொள்வது நல்லது. இப்பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைத்த அங்கத்தினர்கள் தங்கள் அனுபவத்தை, நல்லதும் அல்லாததும், இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்பினால் மற்றவர்களுக்கு உபகாரமாக இருக்கும். பெயர் வேண்டாமென்றால் போடமாட்டோம். அடுத்த இதழில் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பும் விதம் பற்றி எழுதுகிறோம்.